மனச்சிதைவு நோய் பரம்பரையாக வருமா?

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்நோய் எங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் வருமா?" இதற்கு விடை தேடிய ஆய்வுகள் சிலவற்றை இங்கே கூறுகிறோம்.

தாயின் வளர்ப்பு முறையே இந்நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சிலர் கூறினர். 1966இல் அமெரிக்க மனநல மருத்துவர் லெனார்ட் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை அசைத்தது. நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, சில நாள்களுக்குள்ளேயே அவர்களைப் பிரிந்து வளர்ந்த 47 பேரை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் 5 பேருக்கு மனச்சிதைவு நோய் வந்திருந்தது. அவ்வாறே பிரிந்து வளர்ந்த, இந்நோயற்ற தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. பிறப்போடு வரும் கூறு ஒன்று உண்டு என்பது இதனால் புலப்பட்டது. எனினும், நோயுற்ற தாய்மாரின் பிள்ளைகளிலும் 42 பேருக்கு இந்நோய் வரவில்லை என்பதை மறத்தல் ஆகாது.

அக்கூறு எது? ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகளாக மனநோய் காணப்பட்ட ஒரு பெரிய குடும்பத்தில், 1ஆம், 11ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறியிருந்தன. அம்மாற்றத்தால் அறுபட்ட மரபணுவுக்கு 2000ஆம் ஆண்டில் 'டிஸ்க்-1' எனப் பெயரிட்டனர். ஆயினும் அதே மாற்றத்தை உடைய உறவினருள் சிலருக்கு மனச்சிதைவும், சிலருக்கு மனச்சோர்வும் வந்தன. சிலர் நலமாகவே வாழ்ந்தனர்.

பின்னர் ஆய்வு பல நாடுகளுக்கும் விரிந்தது. 2022இல் வெளியான ஆய்வொன்று, நோயுற்றோர் 76,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அத்தகைய மாறுபாடுகள் நலமாயிருப்போரிடமும் உள்ளன. ஆகவே, இன்னாருக்கு இந்நோய் வரும் என்று முன்கூட்டி உறுதியாகக் கூறும் இரத்தப் பரிசோதனை இன்று இல்லை.

பொதுமக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. பெற்றோருள் ஒருவருக்கோ உடன்பிறந்தாருக்கோ நோய் இருப்பின், அது 100 பேரில் ஏறத்தாழ 10 பேர் ஆகும்; ஏனைய 90 பேருக்கு வருவதில்லை.

எனவே, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் மனநோய் இருந்திருப்பின் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். இளையோர் கஞ்சாவைத் தவிர்த்தல் மிக இன்றியமையாதது. உறக்கம் குறைதல், காரணமற்ற ஐயம், எவரோடும் பேசாது ஒதுங்கல் ஆகியவை தொடர்ந்து காணப்பட்டால் காலம் தாழ்த்தாமல் அழைத்து வாருங்கள். தாய் வழியா தந்தை வழியா என்று பழி தேடுவதால் எவருக்கும் பயனில்லை. விரைவில் தொடங்கும் சிகிச்சையால் பயன் உண்டு.