கரட்டு நிலத்தில் வீட்டுத் தோட்டம்

வீட்டைச் சுற்றியுள்ள நிலம் கல்லும் மேடுபள்ளமுமாக இருப்பின், அதனை முதலில் மட்டப்படுத்த வேண்டுமெனப் பலர் கருதுகின்றனர். அதனால் இருக்கின்ற சிறிதளவு மேல்மண்ணும் புதைந்து விடுகிறது. செடிக்கு அந்நிலம் எதனைத் தர மறுக்கிறது என்பதை அறிந்து, அக்குறையை மட்டும் நீக்குவதே உரிய முறையாகும்.

எரிமலை நிலம் இதற்குச் சிறந்த சான்று. கானரித் தீவுகளுள் ஒன்றான லான்சரோட்டேயில் 1730 முதல் 1736 வரை நிகழ்ந்த எரிமலைக் குமுறலால் விளைநிலங்கள் பல குழம்பாலும் சாம்பலாலும் மூடப்பட்டன. மழை மிகக் குறைந்த அத்தீவின் உழவர்கள் சாம்பலை அகற்ற முற்படவில்லை. அடியிலுள்ள பழைய மண்ணை நோக்கிக் குழி தோண்டித் திராட்சைக் கொடி நட்டனர். காற்றைத் தடுக்கப் பிறை வடிவில் கற்சுவர் எழுப்பினர். மேலே கிடக்கும் சாம்பலே மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது.

நம் நாட்டில் மகாபலேசுவரத்தின் உச்சியில், எரிமலைப் பாறை மழையாலும் வெப்பத்தாலும் சிதைந்து துருக்கல்லாக மாறியுள்ளது. கேரளத்துத் துருக்கல் பெரும்பாலும் வேறு வகைப் பாறைகளிலிருந்து தோன்றியதாயினும், தோட்டக்காரருக்கு அது தரும் தொல்லை ஒன்றே. அங்காடிப்புரத்தில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளிவந்த தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று இதற்கு 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார். புதிதாய் வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகுவது இதன் இயல்பு. ஆகவே இந்நிலத்தின் மேற்பரப்பை வெறுமையாக விடலாகாது.

எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கு மேடுகளில் இத்தகைய நிலம் உண்டு. இங்கே தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் உள்ள குழி தேவை. நடுவதற்கு 6 மாதங்களுக்கு முன் குழியின் அடியில் 2 கிலோ சமையல் உப்பு இட்டால் கடினமான அடிப்பகுதி இளகும். பின்னர்த் தேங்காய் மட்டைகளை உட்குழிந்த பக்கம் மேல்நோக்க இரண்டு அடுக்காகப் பரப்பினால் ஈரம் தங்கும். தோண்டிய கற்களைக் கொண்டு சரிவின் கீழ்ப்புறத்தில் பிறை வடிவ வரப்பு அமைத்தால், மழைநீரும் மண்ணும் மரத்தடியிலேயே நிற்கும்.

இம்மேடுகளிலிருந்து இறங்கி வைட்டிலாவை அடைந்தால் நிலை முற்றிலும் மாறுகிறது. காயலை அடுத்த இத்தாழ்நிலத்தில் மண் ஆழமுண்டு. ஆனால் உவர்நீர் அருகிலேயே உள்ளது. இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் உவர் தாங்கும் பொக்காளி நெல்லை ஆராய்ந்து வருகிறது. பொக்காளி உழவர்கள் மழைக்கு முன் வயலில் ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள மண்மேடுகள் அமைப்பர். பருவமழை அவற்றின் உப்பைக் கழுவியபின் முளைகட்டிய விதையை அவற்றின்மேல் விதைப்பர். வீட்டுத் தோட்டத்திற்கும் இதுவே வழி: குழிக்கு மாறாக மேடு, மேட்டைச் சுற்றி நீர் வடியும் கால்வாய். இத்தகைய நிலங்களின் ஆழத்துச் சேற்றை வாரி மேடாக்கலாகாது. அதிலுள்ள கந்தகப் பொருள்கள் காற்றுப்பட்டு அமிலமாகிச் செடிகளைக் கெடுக்கக்கூடும். இனி, வயலை மண்ணிட்டு நிரப்பித் தோட்டமாக்க எண்ணுவோர், கேரளத்தில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும்.

மேட்டு நிலத்தில் கல்லை இளக்கும் அதே உப்பு, வைட்டிலாவில் செடிக்குப் பகையாகிறது. ஓரிடத்தில் பயன்தந்த முறையை மற்றோரிடத்திற்கு அப்படியே கொண்டு செல்வதன் தீங்கை இதனினும் தெளிவாக விளக்க இயலாது. எனவே களப்பணியாளர் எவ்வித யோசனையும் கூறுமுன் மண்ணின் ஆழம், உப்பு, அமிலத்தன்மை ஆகிய மூன்றையும் சோதித்தறிதல் இன்றியமையாதது. ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு மேட்டையும் ஒரு குழியையும் அமைத்து, மழைக்குப்பின் நீர் எங்கே நிற்கிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டலாம்.