கல்வராயன்மலைப் பகுதி பற்றிய இணைய மூலங்களும் அவற்றை ஆராயும் முறையும்

ஆராய்ச்சியுரை ஒன்றின் வன்மை அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மூலங்களின் வன்மையைப் பொறுத்தது. முன்னாளில் ஒரு நூலையோ சாசனப் படியையோ தேடிப் பெறுதலே பெருமுயற்சியாக இருந்தது. இந்நாளில் இருந்த இடத்திலிருந்தே அவற்றிற் பலவற்றை இணையவழிக் காணலாம். ஆயினும் கிடைத்தது மூலமா, மூலத்தைப் பார்த்தெழுதியதா, பார்த்தெழுதியதைக் கேட்டெழுதியதா என்று பிரித்தறியும் பொறுப்பு முன்னினும் மிகுந்துவிட்டது. இதனைப் பொதுவாகக் கூறிச் செல்வதினும் ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும். கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன்மலையும் அதற்கு ஏற்றன. அப்பகுதியைப் பற்றித் தேடுவோர் எதிர்ப்படும் இடர்கள் பல வகைப்பட்டன.

முதலிடர் பெயர் பற்றியது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்றது. அதற்குமுன் அது விழுப்புரம் மாவட்டத்தின் பகுதி. விழுப்புரம் மாவட்டமோ 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தோன்றியது. அதற்கும் முன்பு இவையாவும் தென்னார்க்காடு. ஆகவே, 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்னும் தொடரை மட்டும் இட்டுத் தேடுவோர்க்குச் சில ஆண்டுச் செய்திகளே கிட்டும். அவற்றுள்ளும் 2022இல் கனியாமூரில் நிகழ்ந்த கலவரமும், 2024 சூனில் நச்சுச் சாராயத்தால் நேர்ந்த பேரிழப்பும் ஏனையவற்றை மறைத்து நிற்கும். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கை நாடுவோர் விழுப்புரம் மாவட்டத் தொகுதியையும், 1906இல் பிரான்சிசு வெளியிட்ட மாவட்ட விவரணத்தை நாடுவோர் தென்னார்க்காடு என்னும் பெயரையும் தேடல் வேண்டும். 1878இல் கார்சுடின் தொகுத்த தென்னார்க்காட்டுக் கையேடும் அவ்வாறே. மலையின் ஒரு கூறு சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. எனவே இலெபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் கையேட்டையும், இரிச்சர்ட்சு எழுதி 1918இல் வெளிவந்த சேலம் விவரணத்தையும் பாராமல் மலையைப் பற்றி முழுமையாக எழுதவியலாது. இந்நூல்களின் படவடிவங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் முதலிய இணைய நூலகங்களிற் கிடைக்கின்றன. அவற்றில் மலையின் பெயர் 'கல்ராயன்' என்றே பெரிதும் வழங்குதலின், அவ்வுருவினையும் இட்டுத் தேடுதல் வேண்டும்.

ஆண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். கள்ளக்குறிச்சி தமிழ்நாட்டின் 33ஆவது மாவட்டம் என்று சில பக்கங்களும் 34ஆவது என்று வேறு சிலவும் கூறும். இவற்றுள் ஒன்றைப் பிழையென்று தள்ளுவது எளிது. ஆனால் மாவட்ட அமைப்பு 2019 சனவரியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அறிவிக்கப்பட்ட தென்காசியோ நவம்பர் 22ஆம் நாளே, அதாவது நான்கு நாள் முற்பட, தொடங்கிவைக்கப்பட்டது. அறிவிப்பின் வரிசையை எண்ணுவார்க்கு ஓர் எண்ணும், தொடக்கத்தின் வரிசையை எண்ணுவார்க்கு மற்றோர் எண்ணும் வரும். இருவேறு மூலங்கள் முரணுமிடத்து முரணின் காரணத்தை நாடுவதே ஆராய்ச்சி; பெரும்பான்மை பற்றி ஒன்றைக் கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது.

இரண்டாம் இடர் இதனினும் நுண்ணியது. கல்வராயன்மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் அமைந்த தமிழ்ச்சொல் அது. கேரள நாட்டு மக்களுக்கும் அதே பெயர் வழங்குதலின், தேடுபொறி அவ்விரண்டையும் ஒன்றாக மயங்கிக் கேரளச் செய்திகளையே முன்வைக்கும். தன் குலத்தைப் பற்றிப் பள்ளிக்கட்டுரை எழுதப் புகும் மலைச்சிறுவன் ஒருவன் ஓணத்தையும் கதகளியையும் தன் மரபென எழுதிவிடக் கூடும். இது நகைத்துவிட்டுப் போகத்தக்கதன்று; ஒரு மக்கட்கூட்டம் தன் வரலாற்றைத் தானே இழக்கும் வழியாகும். மலையின் பெயரையோ, பழங்குடி என்னும் சொல்லையோ உடன் சேர்த்துத் தேடினால் இம்மயக்கம் பெரும்பாலும் நீங்கும். அட்டவணைப் பழங்குடிகள் பற்றிய ஆணையில் மலையாளிகள் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் மாவட்டப் பெயர்களோடு குறிக்கப்பட்டிருத்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது. மறைந்துபோன மாவட்டப் பெயர் இன்னும் சட்டத்தின்கண் உயிரோடிருக்கிறது. பழைய எல்லைகளை அறியாதார்க்கு அவ்வாணையின் பொருள் விளங்காது.

மலையாளிகளைப் பற்றி இணையத்தில் வழங்கும் செய்திகளிற் பல தர்சுடன் இரங்காச்சாரியாரின் துணையோடு தொகுத்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலினின்று புறப்பட்டவை. அதன் நான்காம் தொகுதியில் இம்மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலைக்கு வந்தோர் என்னும் வழிவழிக் கதை இடம்பெறுகின்றது. தர்சுடன் அதனை மரபுக்கதையாகவே தந்தார். பின்னர்ப் பெயர்த்தெழுதினோர் பலர் 'என்பர்' என்னும் சொல்லை நீக்கி, நடந்த நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டனர். ஒரு சொல் நீங்கியதால் கதை வரலாறாயிற்று. மூலத்தைத் திறந்து நோக்குவதன் பயன் இத்தகைய இடங்களிலேதான் வெளிப்படும். அன்றியும், ஆங்கில ஆட்சியினர் எழுதிய இவ்விவரணங்கள் வரிதண்டுவோர் நோக்கிலும் அக்கால மானிடவியல் நோக்கிலும் எழுந்தவை. அவர் கண்டு எழுதியவற்றைக் கொள்ளலாம். மக்களின் இயல்பு குறித்து அவர் வழங்கிய தீர்ப்புகளைக் கொள்ளவேண்டுவதில்லை.

சாகீர் ஆட்சி பற்றிய செய்தியும் இவ்வாறே ஆராயத்தக்கது. கல்வராயன்மலை 1976 வரை சாகீர்தார்களின் ஆளுகையில் இருந்ததெனச் செய்தித்தாள்களின் இணையப் பக்கங்கள் கூறும். சில, அவ்வாண்டிலேதான் மலை இந்தியாவோடு இணைந்தது என்றே எழுதும். முடிந்தது யாது? நிலவரி தண்டும் உரிமையா, நிலவுடைமையா, ஆட்சியதிகாரமா? 'இணைந்தது' என்னும் சொல் இவ்வினாக்கள் அனைத்தையும் மூடிவிடுகிறது. விடை அரசிதழிலும், இனாம் ஒழிப்புச் சட்டங்களிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலுமே தேடத்தக்கது. 2024 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்களின் நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்தது. அதன் ஆணைகள் இணையத்திற் கிடைப்பன. செய்தியாளர் தரும் சுருக்கத்தைக் காட்டிலும் ஆணையையே படித்தல் நன்று.

இனிக் கல்வெட்டுச் சான்றுக்கு வருவோம். திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. பாரி மறைந்தபின் கபிலர் அவன் மகளிரை மலையமானுக்கு மணஞ்செய்து கொடுத்துப் பெண்ணையாற்றங்கரையில் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்று இணையப் பக்கங்கள் பலவற்றிற் காணலாம். இக்கூற்று இரு வேறு மூலங்களை ஒட்டவைத்ததாகும். புறநானூற்று 236ஆம் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு, மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்ப்பித்துக் கபிலர் வடக்கிருந்ததாகக் கூறும். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பெண்ணை மலையர்க்கு உதவியதையும் கபிலர் தீப்புகுந்ததையும் கூறும். இஃது தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஏழாம் தொகுதியில் 863ஆம் எண்ணாக அச்சேறியுள்ளது. கொடுத்த இடமும் வேறு. இறந்த முறையும் வேறு. ஒரு மூலத்தில் பாதியும் மற்றொன்றிற் பாதியுமாக எடுத்துக் கோத்த கதை எந்த மூலத்திலும் இல்லாத கதையாகும். பாட்டை மட்டும் தந்து கீழ்க்குறிப்பை விட்டுவிடும் பக்கங்களைக் கண்டோர் இவ்வேறுபாட்டை உணர வழியேயில்லை.

கல்வெட்டு எண்களிலும் விழிப்பு வேண்டும். ஆண்டறிக்கையில் ஒரு கல்வெட்டு பெறும் எண் வேறு. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அது பெறும் எண் வேறு. தொகுதி இன்னது, ஆண்டறிக்கை இன்னது எனக் குறியாது எண்ணை மட்டும் தரும் இணையப் பக்கம் சான்றாகாது. ஊர்ப்பெயரும் அச்சில் தென்னார்க்காடு மாவட்டத்தின் கீழேயே காணப்படும். திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் வெளிப்பட்ட அதியன் நெடுமான் அஞ்சியின் தமிழ்ப்பிராமிக் கல்வெட்டோ முற்பட்ட தொகுதிகளில் இராது. அதன் காலம் குறித்து அறிஞரிடை ஒருமைப்பாடும் இல்லை. நூற்றாண்டு ஒன்றை ஐயமின்றிக் கூறும் பக்கம், யாருடைய கருத்தைக் கூறுகிறது என்பதையும் கூறியாக வேண்டும்.

நூல்களைப் பொறுத்தவரை நம் நிலை நன்றாகவே உள்ளது. 1998 முதல் நடைபெறும் மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் தட்டெழுதித் தருகிறது. சொல் எங்கெங்கே வருகிறதெனத் தேட அது மிகப் பயன்படும். பாடவேறுபாடு ஆராய்வோர் அச்சுப்பதிப்பின் படவடிவத்தையே நாடல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய பதிப்புகள் பலவற்றைப் படவடிவிற் கொண்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியையும், பரோ, எமனோ என்பாரின் திராவிடச் சொற்பிறப்பகராதியையும் சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். குறிச்சி என்பது குறிஞ்சிநிலத்தூர் எனப் பேரகராதி பொருள் கூறும். ஊர்ப்பெயரின் முற்பகுதிக்குத் தளங்கள் கூறும் கதைகளுக்குக் கல்வெட்டுச் சான்று காட்டப்படாதவரை அவை கதைகளே.

படவடிவ நூல்களைக் கணினி படித்துத் தரும் எழுத்துரு பிழை மலிந்தது. ஆகாரக் கால் ரகரமாக வாசிக்கப்படும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை முதலிய உருவங்களைக் கணினி பல வேளை அறியாது. ஆதலின் தேடிக் கிட்டவில்லை என்பதால் நூலில் இல்லை என்று முடிபு கூறல் கூடாது. பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் கண்ணால் நோக்குதல் வேண்டும். கேட்டவுடன் விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ வேறொரு வகைத் தீங்கு செய்யும். இல்லாத தொகுதியையும் இல்லாத பக்கத்தையும் உள்ளன போலக் குறிப்பதும் அவற்றின் வழக்கம். அவை தரும் குறிப்பைத் தேடுதற்குரிய தடமாகக் கொள்ளலாம். அத்தொகுதியைத் திறந்து அவ்வெண்ணைக் கண்ட பின்னரே கட்டுரையில் எழுதலாம்.

கட்டற்ற கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாதென்பாரும் உளர். அது மிகையெனத் தோன்றுகிறது. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோட் பட்டியலே அதன் பயனுள்ள பகுதி. 'வரலாறு' என்னும் தலைப்பின் வழி, யார் எந்நாளில் எச்சொல்லை மாற்றினர் என்பதையும் அறியலாம். அச்சிட்ட நூல் எதுவும் தன் திருத்தங்களை இவ்வாறு வெளிப்படக் காட்டுவதில்லை. மேற்கோளின்றி நிற்கும் தொடரை ஒதுக்கி, மேற்கோள் உள்ள தொடரின் மூலத்துக்கு மாணாக்கர் செல்வாராக. கண்ட நாளையும் குறித்துவைத்தல் இன்றியமையாதது; பக்கங்கள் மாறும், சில மறைந்தும்போம். மறைந்த பக்கங்களிற் சிலவற்றின் பழைய நிலையை இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பில், பழைய முகவரியை இட்டுக் காணலாம். விழுப்புரம் மாவட்டத் தளத்தில் 2019க்கு முன் கல்வராயன்மலை பற்றி இருந்த பக்கங்களைத் தேடுவோர் அங்கே தொடங்குதல் தகும்.