காத்தாடி பக்கத்துலதான், ஸ்கூல்தான் தூரம்

போன மாசம் ஒரு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ. என் ரெஸ்யூமைப் பார்த்தவர், "பூதப்பாண்டியா? ஆரல்வாய்மொழி பக்கம்தானே? காத்தாடிக்குள்ள கியர்பாக்ஸ் எதுக்குன்னு சொல்லுங்க" என்றார். நான் மெக்கானிக்கல். பதில் தெரியும், சொன்னேன். ஆனா புக்ல படிச்சதை ஒப்பிக்கிறேன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. "ஒண்ணையாவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை. தோவாளை தாண்டினதும் தெரியுற அந்தக் காத்தாடிகளை பஸ் ஜன்னல் வழியா பார்த்தே வளர்ந்தவன் நான். பன்னிரண்டு வருஷ இங்கிலீஷ் மீடியம் படிப்பில் எக்ஸ்கர்ஷன் என்றால் ஊட்டி, இல்லாட்டி கொடைக்கானல்.

அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுறேன். ஒரே ஊரில் இருக்கும் தொழிலும் ஸ்கூலும் ஏன் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிறதே இல்லை?

ஒரு காலத்தில் பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க. 1950களின் கடைசியில், காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர்க்காரர்கள் முன்னாடி வைப்பாங்க. வசதி உள்ளவங்க பெஞ்சு, கட்டடம் என்று ஏத்துக்குவாங்க.

இன்றைய வடிவம் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'. அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் 2022 டிசம்பர் 19-ல் தொடங்கி வைத்த திட்டம். டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் அதன் தலைவர். முன்னாள் மாணவரோ கம்பெனியோ இணையதளத்தில் ஒரு அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து உதவலாம்.

கம்பெனிகள் பக்கம் சட்டமும் இருக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒண்ணைத் தொட்டால் அந்த கம்பெனி கடந்த மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். சராசரி 5 கோடி என்றால் 10 லட்சம்.

இப்போ பூதப்பாண்டியில் நின்னு சுத்திப் பாருங்க. மளிகைக் கடை, ஒர்க்‌ஷாப், வாழைக்குலை வியாபாரம். பக்கத்தில் தோவாளைப் பூச்சந்தை, ஆரல்வாய்மொழி பக்கம் செங்கல் சூளை. இதில் யார் 5 கோடி லாபம் காட்டப் போறாங்க? ஆனா அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கு: கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரணும். ஆபீஸ் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம், காத்தாடி சுத்துறது நம்ம கணவாய்க் காத்துல. அதைச் சொல்லிக் கேட்க தோவாளை தாலுகா பள்ளிகளுக்கு நியாயம் இருக்கு. கேட்டால்தான் தெரியும்.

ஆனா எனக்குக் கிடைக்காம போனது பணம் இல்லை. எங்க ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு இருந்துச்சு!

காத்தாடி சர்வீஸ் வேலை பார்க்கிற மாமா ஒருத்தர் இருக்கார். இன்டர்வியூவுக்கு அப்புறம்தான் அவர்கிட்டப் போய் உட்கார்ந்தேன். பழைய காத்தாடியில் இறக்கை நிமிஷத்துக்கு 30 சுத்து சுத்துதுன்னு வச்சுக்கோங்க. கீழே கிரிட்டில் ஓடுறது 50 ஹெர்ட்ஸ் கரன்ட், ஜெனரேட்டருக்குச் சுமார் 1,500 சுத்து வேணும். அந்த ஐம்பது மடங்கைக் கொடுக்கிறதுதான் கியர்பாக்ஸ். இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு. தெரியாதது, பல் தேய ஆரம்பிச்சா சத்தம் எப்படி மாறும், ஆயிலைத் தொட்டுப் பார்த்தே என்ன கண்டுபிடிக்கலாம் என்பது. மாமா ஒரு மணி நேரம் சொன்னார்.

"இதை ஸ்கூல்ல வந்து சொல்லலாமே மாமா?"

"எவனாவது கூப்பிட்டாத்தானே மக்கா!"

ஒரு சின்னத் தொழில்காரர் பள்ளிக்குத் தரக்கூடியது இந்த ஒரு மணி நேரம்தான். ஓணத்துக்கு முன்னாடி தோவாளையில் பூ விலை ஏன் ஏறுதுன்னு ஒரு வியாபாரி விளக்கினால் பிளஸ் ஒன் எகனாமிக்ஸில் பாதி அங்கேயே முடிஞ்சிடும். தேசியக் கல்விக் கொள்கையை நம்ம மாநிலம் ஏத்துக்கலை, அது வேற விவாதம். ஆனா 6 முதல் 8 வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் உள்ளூர் தச்சர், குயவர் கிட்டப் போகணும் என்று அதில் இருக்கும் யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு.

ஒரு எச்சரிக்கை. பார்க்கிறது வேற, வேலை செய்யிறது வேற. 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கிறது சட்டப்படி குற்றம். செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போனால் மண்ணு வேகிற விதத்தைப் பார்த்துட்டு வரணும், கல்லு சுமந்துட்டு வரக்கூடாது. அதே மாதிரி நோட்டு கொடுத்துட்டு அட்டை முழுக்கக் கடை விளம்பரம் போடுறதும் எனக்கு உடன்பாடில்லை.

யார் ஆரம்பிக்கிறது? கல்வி உரிமைச் சட்டம் 2009 படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும். அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுறது அவங்க வேலை. அந்தத் திட்டத்தில் காம்பவுண்டு சுவர், டாய்லெட்டுக்குப் பக்கத்தில் "மாசம் ஒரு தொழில்காரர்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதுக்குச் செலவு டீயும் வடையும்தான்.

நான் எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் கேட்டிருக்கேன். ஹெச்.எம். டீச்சர் குழுவில் வச்சுப் பேசிட்டுச் சொல்றேன்னாங்க. பிள்ளைகளை டவர் மேலே ஏத்த முடியாதுன்னு மாமா கண்டிப்பாச் சொல்லிட்டார். தேய்ஞ்சுபோன பல் சக்கரம் ஒண்ணு இருக்கு, அதைத் தூக்கிட்டு வர ஆட்டோ மட்டும் நீ பிடின்னு சொல்லியிருக்கார்.