மின்படகின் வேகமும் வெப்பமும்

1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் மண்டபத்தில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே ஒரு நீர்த்தொட்டியில் நிக்கோலா டெஸ்லா சிறு படகு ஒன்றை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு ஏதுமின்றித் தொலைவில் நின்றே அதனை இயக்கிக் காட்டினார். படகினுள்ளே மின்கலங்களும் மோட்டாரும் இருந்தன. விரைவு அங்கே நோக்கமன்று. கண்காணா அலைகளுக்கு ஒரு படகு கீழ்ப்படிகிறது என்பதே வியப்பாயிருந்தது. இன்று அப்படகின் வழிவந்தவை மாணவர் கைகளிலே விளையாட்டுப் பொருள்களாக இருக்கின்றன. அரை மீட்டர் நீளமுள்ள படகு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து செல்கிறது.

இத்தகைய படகு கட்டும் மாணவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. வேகத்தைக் கூட்டுவது எப்படி? சூட்டைத் தணிப்பது எப்படி? இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதே என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து 40 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்று கொள்வோம். செலவாகும் திறன் 440 வாட். மோட்டார் நூற்றுக்கு 80 பங்கு பயன் தருமாயின், எஞ்சிய 88 வாட் வெப்பமாக மாறுகிறது. ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல் இரண்டை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டது போன்ற நிலை இது. அந்தப் பெட்டியோ, நீர் புகாதபடி நாமே நாடா ஒட்டி இறுக மூடிய பெட்டி! உள்ளே காற்றோட்டம் ஏது?

கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்து வளரும் என்று 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்தார். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். அதனோடு நின்றதா? செம்புக் கம்பி 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால், அதன் மின்தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மோட்டாரிலுள்ள நியோடிமியம் காந்தத்தின் சாதாரண வகைகள் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்குகின்றன. காந்தம் தளர்ந்தால் அதே முறுக்கு விசைக்கு இன்னும் மிகுதியான மின்னோட்டம் வேண்டும். அதனால் இன்னும் சூடு. இப்படி இழந்த காந்த வலிமை, ஆறவைத்தாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. முதல் நிமிடம் பறந்த படகு மூன்றாம் நிமிடம் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, மோட்டார் சுடுகிறது என்றவுடன் தண்ணீர்க் குழாயைத் தேடுவது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி இடுவது போன்றது. துணி வேண்டியதுதான், ஆனால் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் படகை உந்தும் விசிறியிலிருந்து வருகிறது. விசிறி ஏற்கும் திறன், சுழல்வேகத்தின் மும்மடியையும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கையும் ஒட்டி வளர்வது. 40 மில்லிமீட்டர் விசிறியைக் கழற்றி 44 மில்லிமீட்டர் விசிறியைப் பூட்டுகிறோம். கண்ணுக்கு வேற்றுமையே தெரியாது. ஆயினும் அதே சுற்றில் ஓட்ட வேண்டுமானால், மோட்டார் நூற்றுக்கு 60 பங்கு மிகுதியான திறன் தர வேண்டும்! வேகமோ அந்த அளவிற்குக் கூடுவதில்லை. பல வேளைகளில் சிறிய விசிறிக்குத் திரும்பினால், சூடு வெகுவாகக் குறைந்து, வேகம் சிறிதே குறைகிறது.

திறனைக் கூட்ட வேறு வழியும் உண்டு. மின்னோட்டத்தை ஏற்றுவதற்கு மாறாக வோல்ட்டை ஏற்றி, அதற்கேற்பச் சுற்றப்பட்ட மோட்டாரைப் பொருத்தலாம். வோல்ட் இரட்டித்து மின்னோட்டம் பாதியானால், இணைப்புக் கம்பிகளிலும் செருகிகளிலும் வெப்ப இழப்பு கால் பங்காகிவிடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அந்த வோல்ட்டைத் தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

இனி, தண்ணீரின் உதவிக்கு வருவோம். படகின் பின்புறத்தில், விசிறிக்குப் பின்னால், ஒரு சிறு குழாயின் வாயை முன்னோக்கி வைக்கிறார்கள். படகு மணிக்கு 36 கிலோமீட்டர் செல்லும்போது அவ்வாயில் உண்டாகும் அழுத்தம், ஐந்து மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்திற்கு ஒப்பாகும். பம்பு தேவையில்லை. நிமிடத்திற்குக் கால் லிட்டர் நீர் ஓடினாலே, நாம் கணக்கிட்ட 88 வாட் வெப்பத்தையும் ஏந்திக்கொண்டு ஐந்து டிகிரி மட்டுமே சூடேறி வெளியேறும். நீரின் வெப்பக் கொள்ளளவு அத்தகையது.

எனவே, நீரின் அளவு பெரிதன்று. வெப்பம் நீரிடம் வந்து சேர வேண்டும், அதுதான் அரிது. கம்பிச்சுருள்கள் வெளிக்கூட்டை ஒட்டி அசையாது நிற்க, காந்தம் நடுவே சுழலும் மோட்டாருக்கு நீர்ச்சட்டை நன்கு பயன்படும். பழைய பிரஷ் மோட்டாரில் சுருளே நடுவில் சுழல்வதால், வெப்பம் காற்றிடைவெளியைக் கடந்தாக வேண்டும்; அங்கே பயன் குறைவு. வெளிக்கூடே சுழலும் வகைக்கு நீர்ச்சட்டை அணிவிக்கவே இயலாது. அதனைத் தாங்கும் தகட்டைத்தான் குளிர்விக்கலாம்.

நீர் கீழ்ப்புறமாக நுழைந்து மேற்புறமாக வெளியேறினால் காற்றுக் குமிழிகள் தங்கா. சிலிக்கோன் குழாய் மடங்கி நசுங்காதிருக்க வளைவுகளை அகலமாக விடுக. குளத்துப் பாசி ஒரு துணுக்கு போதும், வழியை அடைத்துவிட. படகின் பக்கத்தில் நீர்த்தாரை பீச்சிக்கொண்டிருக்கிறதா என்று கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

படகின் உடலையும் மறத்தலாகாது. நீரைக் கிழித்துச் செல்லும் படகைவிட, நீரின் மேல் எழும்பி வழுக்கிச் செல்லும் படகுக்கு உராய்வு குறைவு. மின்கலத்தைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தி, எடையின் மையம் பின்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அமையுமாறு வைத்துச் சோதியுங்கள். அச்சுத்தண்டு மோட்டாரோடு நேர்கோட்டில் இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

புதிய விசிறி பூட்டினால் முதலில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுக. கரைக்குக் கொணர்ந்து மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம் மூன்றின் வெப்பத்தையும் அளந்து குறித்துக்கொள்க. லித்தியம் மின்கலம் 60 டிகிரியை நெருங்குதல் ஆபத்து. படகு நின்றவுடன் நீரோட்டமும் நின்றுவிடுகிறது. சுருளின் உள்ளே தங்கிய வெப்பமோ அதன் பிறகும் வெளியே பரவிக்கொண்டிருக்கும். ஆதலால் மூடியை உடனே திறந்து, மின்கலத்தைக் கழற்றி நிழலில் வைத்துவிட்டு, மோட்டாரைக் காற்றாட விடுங்கள்.