மரத்தின் நிழலும் மலையின் நிழலும்

மேற்கே மேகமலைத் தொடர் அரணாக நிற்க, தெற்கே வருஷநாட்டு மலைகளில் பிறந்த மூல வைகை வடக்கு நோக்கி இறங்கிவரும் பள்ளத்தாக்கில் அமைந்த மயிலாடும்பாறையில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு, இயற்கையைக் குறித்த ஆங்கிலச் சொற்றொடர்களின் சரியான பிரயோகத்தைப் புரியவைக்க, இலக்கண நூலைக் காட்டிலும் அவர்கள் நித்தமும் காணும் மலையும் வானமுமே சிறந்த சாதனங்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாம் நிழல் என்ற ஒரே சொல்லால் வழங்குவதை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தை ‘ஷேட்’ என்றும், ஒளியை ஒரு பொருள் மறிப்பதால் விழும் இருண்ட உருவத்தை ‘ஷேடோ’ என்றும் சொல்கிறது. ஆகையால், புளியமரத்தடியில் இளைப்பாறுகிற ஒருவன் ‘இன் தி ஷேட்’ அமர்ந்திருக்கிறானேயன்றி, நம்மவர் பலர் எழுதுவதுபோல ‘அண்டர் தி ஷேடோ’ அமர்ந்திருக்கவில்லை. ‘அண்டர்’ மரத்துக்குத்தான் பொருந்தும்.

இந்த வித்தியாசம் விளங்கிவிட்டால், பூகோள பாடத்தில் வரும் ‘ரெயின் ஷேடோ’ என்ற தொடர் தானாகவே துலங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள முகத்தில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையின் பெரும்பகுதியை அங்கேயே பொழிந்துவிட்டு, இப்பால் இறங்கும்போது வெப்பமுற்று வறண்டுபோகிறது. மறிக்கப்பட்டது மழை, மறித்தது மலை, பின்னே விழுவது வறட்சி என்பதால், குளிர்ச்சியைச் சுட்டும் ‘ஷேட்’ இவ்விடத்தில் ஒருபோதும் ஏலாது. இவ்வறட்சியைத் தணிக்கவே, பொறியாளர் பென்னிகுயிக் 1895-ல் கட்டி முடித்த அணையால் மேற்கே ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. ஆயினும், அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து கீழே சென்றே வைகையில் சேர்வதால், மயிலாடும்பாறைக்காரர் ஐப்பசி, கார்த்திகை மழையையும் மூல வைகையில் வரும் தண்ணீரையுமே எதிர்நோக்கியிருக்கிறார்கள்.

அந்த ஐப்பசி மழையைக் கொண்டுவரும் வடகிழக்குக் காற்றும் ‘மான்சூன்’தான். பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த அது, பருவந்தோறும் திசைமாறும் காற்றுக்கு உரிய பெயர். சித்திரைப் பிற்பகலில் இடியோடு கொட்டிப்போகும் கோடை மழையை அப்பெயரால் எழுதுவது பிழை.

மேகமலையின் அழகில் மனம் பறிகொடுத்தவர்கள் ‘ஐ லவ் தி நேச்சர்’ என்று எழுதுவதும் திருத்தத்தக்கதே. இயற்கை முழுமையையும் குறிக்கும்போது ‘நேச்சர்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ வாராது. ஒன்றன் சுபாவத்தைச் சுட்டும்போது வரும். கரிசலா செம்மண்ணா என்று பார்த்து விதைக்கும் குடியானவர் ஆராய்வது ‘தி நேச்சர் ஆஃப் தி சாயில்’.