விரலை எடுத்தது யாருக்குத் தெரியும்?

‘பெட்டிக்குள் என்ன ஓடுகிறது?’ தொடர் – 14

டிவி ரிமோட்டில் பட்டனை அழுத்தினால், அழுத்திய செய்தி போகும். அழுத்திக்கொண்டே இருந்தால் அதுவும் போகும். விரலை எடுத்துவிட்டோம் என்ற செய்தியைப் பெரும்பாலான ரிமோட்டுகள் அனுப்புவதே இல்லை. பேச்சை நிறுத்திவிடும், அவ்வளவுதான். எதிரே இருக்கும் செட்-டாப் பாக்ஸ் அந்த மௌனத்தை வைத்துத் தானே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வன்பொருளோடு பேசும் மென்பொருளான டிரைவரை எழுதுகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான். அழுத்தியதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும். விட்டதை முடிவு செய்வதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும்.

நான் இருப்பது புனேயின் கிழக்கு ஓரத்தில், கராடியில். ஒரு பக்கம் முளா-முட்டா ஆறு, மறுபக்கம் நகர் ரோடு, நடுவே ஈயான் ஃப்ரீ ஸோன், வேர்ல்ட் டிரேட் சென்டர் என்று கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே நடப்பது பெரும்பாலும் வங்கிக்கும் காப்பீட்டுக்குமான மென்பொருள் வேலை. சாலிடரிங் வாசம் அடிக்கும் சின்ன அறைகளும் இடையிடையே உண்டு. ஊரின் மறுகோடியில் பாஷாணில் சி-டாக் இருக்கிறது. 1988இல் தொடங்கி, 1991இல் பரம் 8000 சூப்பர் கணினியைக் கட்டிய அதே சி-டாக். அங்கே எம்பெடட் டிப்ளமோ முடிக்கும் பிள்ளைகள் இந்த மாதிரி அறைகளுக்கு வந்து சேர்கிறார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி, ஒருநாள் போர்டும் கையுமாக வந்து நின்றார்.

“அண்ணே, முன்னால இருக்க பட்டனெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. ரிமோட்லதான் கோளாறு. ஹோம் பட்டனை ரெண்டு செகண்டு புடிச்சா மெனு வரணும். வர மாட்டேங்கு.”

“ஒரு தடவை தட்டினா?”

“தட்டுனா வேலை செய்யுது ண்ணே. புடிச்சாதான் மெனு வரல.”

அவருடைய சிக்கலுக்குப் போகுமுன், ஒழுங்காக வேலை செய்வதாக அவர் சொன்ன பட்டன்களையே கொஞ்சம் பார்த்துவிடலாம். அவை ஒழுங்காக இருப்பதாகத் தெரிவதே டிரைவரின் தயவில்தான்.

பட்டனுக்குள் இருப்பது இரண்டு உலோகத் துண்டுகள். அழுத்தினால் ஒட்ட வேண்டும், விட்டால் பிரிய வேண்டும். ஆனால் உலோகம் உலோகத்தில் மோதும்போது துள்ளுகிறது. சில மில்லிநொடிகளுக்குள் பல முறை ஒட்டி விலகி, பிறகே நிலைக்கிறது. விரலுக்கு இது தெரியாது. நொடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளை ஓட்டும் சிப்புக்கு நன்றாகவே தெரியும். நாம் ஒருமுறை அழுத்தியதை அது பத்து முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலில் இதற்கென்றே ‘ஜிபிஐஓ கீஸ்’ என்று ஒரு டிரைவர் இருக்கிறது. மின்னழுத்தம் மாறியதும் ‘இதைக் கவனி’ என்று சிப்பிலிருந்து இன்டரப்ட் வரும். டிரைவர் உடனே எதையும் அறிவிப்பதில்லை. ஐந்து மில்லிநொடிக்கு ஒரு கெடு வைக்கும். அதற்குள் இன்னொரு துள்ளல் வந்தால் பழைய கெடு ரத்து, மறுபடி முதலிலிருந்து ஐந்து. குழாயடிச் சண்டையில் சத்தம் ஓய்ந்த பிறகு விசாரிக்கிற மாதிரி, எல்லாம் அடங்கியதும் ஒருமுறை எட்டிப் பார்த்து, ‘அழுத்தியிருக்கிறது’ என்று மேலே சொல்லும். ஐந்து என்பது யாரும் எதுவும் குறிப்பிடாவிட்டால் எடுத்துக்கொள்ளும் அளவு. மட்டமான பட்டன் என்றால் கூட்டிக்கொள்ளலாம்.

இப்படிச் சாதாரணப் பட்டன்களுக்கு இன்று யாரும் புதிதாக டிரைவர் எழுதுவதில்லை. சிப்பின் எந்தக் காலில் எந்தப் பட்டன், அதற்கு என்ன எண் என்று டிவைஸ் ட்ரீ கோப்பில் சில வரிகள் எழுதினால் முடிந்தது. அந்த எண்கள் கெர்னலில் நிரந்தரமானவை: ஒலியைக் குறைக்க 114, கூட்ட 115, பவருக்கு 116.

எண்ணோடு ஒரு மதிப்பும் போகும். 1 என்றால் அழுத்தியாயிற்று, 0 என்றால் விட்டாயிற்று, 2 என்றால் பிடித்தபடியே இருக்கிறது. இந்த 2ஐ டிரைவர் அனுப்ப வேண்டியதில்லை. பட்டன் கால் நொடிக்கு மேல் விடப்படாமல் இருந்தால் கெர்னலின் இன்புட் பகுதியே 33 மில்லிநொடிக்கு ஒருமுறை அதை உண்டாக்கிக்கொள்ளும். சூஸ் நிறுவனத்தில் இருந்த வோய்டெக் பாவ்லிக் தொடங்கிவைத்த பகுதி இது. விசைப்பலகை, மவுஸ், ஜாய்ஸ்டிக் என ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் உள்ளே வந்துகொண்டிருந்த காலத்தை அது முடித்துவைத்தது. மேலே ஓடும் செயலிக்கு 115 வந்தால் போதும். அது முன்பக்கத்துப் பட்டனிலிருந்து வந்ததா, ரிமோட்டிலிருந்து வந்ததா என்று அதற்குக் கவலை இல்லை.

பட்டனில் 0 வருவது எளிது, உலோகம் பிரிந்தால் மின்னழுத்தம் மாறும். ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இருப்பதோ வெறும் காற்று.

அந்தக் காற்றில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வெயிலிலும் குண்டு பல்பிலும் அதே ஒளி இருப்பதால், ரிமோட் தன் ஒளியை நொடிக்கு 38,000 முறை சிமிட்டி அடையாளம் காட்டுகிறது. அதென்ன 38? ஏஎம் ரேடியோக்களுக்காக 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர்கள் மலிவாகக் குவிந்து கிடந்தன. ரிமோட் செய்தவர்கள் அதை எடுத்துப் பன்னிரண்டால் வகுத்தார்கள், 37.9 வந்தது. சிலோன் வானொலி கேட்ட பெட்டியின் உறுப்புத்தான் டிவி ரிமோட்டுக்கும் தாளம் போட்டது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

பெட்டியின் பக்கம் மூன்று கால் உள்ள ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். அதன் பெயர் டிஎஸ்ஓபி. புனேயில் புதவார் பேட்டையை ஒட்டிய தப்கீர் கல்லி, சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், எங்கே போய் 1738 என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். கடைசி இரண்டு இலக்கம் அந்த 38தான். சிமிட்டலை வடிகட்டி, ஒளி இருக்கிறது, இல்லை என்ற ஏற்ற இறக்கத்தை மட்டும் அது வெளியே தரும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஓர் இன்டரப்ட். டிரைவர் அந்தந்த நேரத்தைக் குறித்து வரிசையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். இன்டரப்ட் நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது என்பது கெர்னலின் கறாரான விதி. பொருள் பார்க்கிற வேலையைத் தனியாக ஓர் இழை பின்னால் செய்யும்.

மலிவு ரிமோட்டுகளில் அதிகம் புழங்குவது என்இசி நிறுவனத்தின் முறை. முதலில் 9 மில்லிநொடி ஒளி, பிறகு 4.5 மில்லிநொடி இருட்டு. அடுத்து 32 பிட். ஒவ்வொரு பிட்டிலும் ஒளியின் நீளம் ஒன்றே, சுமார் 560 மைக்ரோநொடி. பின்னால் வரும் இருட்டு அதே அளவு என்றால் 0, மூன்று மடங்கு என்றால் 1. முகவரி, அதன் தலைகீழ், பட்டன் எண், அதன் தலைகீழ் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லும், வழியில் ஏதாவது கெட்டால் தெரிந்துவிட. பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் முழுச் செய்தியையும் திரும்பச் சொல்லாது. சுமார் 110 மில்லிநொடிக்கு ஒருமுறை ‘அதேதான்’ என்கிற குறுஞ்செய்தி மட்டும் போகும்: 9 மில்லிநொடி ஒளி, 2.25 இருட்டு, ஒரு சின்னத் துடிப்பு. எந்தப் பட்டன் என்பது அதில் இருக்காது.

பிலிப்ஸின் ஆர்சி-5 வேறு வழி கண்டது. அதில் முழுச் செய்தியே திரும்பத் திரும்ப வரும். கூடவே ஒரு பிட், புதிதாக அழுத்தும்போது மட்டும் தலைகீழாகும். ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறாரா, விட்டு மறுபடி அழுத்தினாரா என்பது அதனால் தெரியும். விட்ட நேரம் அதிலும் தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டில் ஆர்சி-5தான் யோசித்துச் செய்த முறை. சந்தையில் ஜெயித்தது மற்றது.

லினக்ஸில் ரிமோட் வேலை நெடுநாள் கெர்னலுக்கு வெளியேதான் நடந்தது. கிறிஸ்டோஃப் பார்டெல்மஸ் நடத்திய ‘லிர்க்’ என்ற திட்டம் அதைப் பார்த்துக்கொண்டது. ரிமோட் மொழியைப் புரிந்துகொள்வது கெர்னலின் வேலையா என்று 2009 கடைசியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. 2010இல் மௌரோ கார்வால்யோ சேஹாப், ஜேரட் வில்சன் ஆகியோரின் உழைப்பில் அது உள்ளே வந்தது. இந்தியாவில் அப்போது ரிமோட் எண்ணிக்கை இரட்டிப்பாகும் நேரம். கேபிளை டிஜிட்டலாக்கும் திட்டத்தில் சென்னை 2012இலும் புனே 2013இலும் வந்தன. 2017இல் அரசு கேபிளும் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. டிவிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று மேசையில் இரண்டு கிடக்கத் தொடங்கின.

கெர்னல் விட்டதை எப்படி முடிவு செய்கிறது? டைமர் வைத்துத்தான். அழுத்திய செய்தி வந்ததும் 1ஐ அனுப்பிவிட்டு டைமரை ஓட விடும். ‘அதேதான்’ வந்தால் டைமரைப் புதுப்பிக்கும். வராமல் டைமர் தீர்ந்துவிட்டால் தானாகவே 0 அனுப்பும். ரிமோட் சொல்லாத சொல்லைக் கெர்னல் ரிமோட்டின் சார்பில் சொல்லிவிடுகிறது.

இனி தம்பியின் போர்டு. கற்றுக்கொள்வதற்காக, கெர்னலில் இருக்கும் டிரைவரை ஒதுக்கிவிட்டுத் தானே ஒன்று எழுதியிருந்தார். ஈவிடெஸ்ட் என்ற கருவியை ஓட்டி, ஹோம் பட்டனைப் பிடிக்கச் சொன்னேன். திரையில் 1, 0, 1, 0 என்று ஓடியது. பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தால், 1 வந்து 100 மில்லிநொடியில் 0, அதற்குப் பின் பத்தே மில்லிநொடியில் மறுபடி 1.

“டைமர் எவ்வளவு வச்சீங்க?”

“நூறுண்ணே. வட்டமா இருக்கட்டும்னு.”

ரிமோட் 110க்கு ஒருமுறை பேசுகிறது, டிரைவரின் பொறுமை 100இல் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பத்து மில்லிநொடி முன்னதாகவே விரலை எடுத்துவிட்டதாக அறிவித்து, அடுத்து வந்த ‘அதேதான்’ செய்தியைப் புதிய அழுத்தலாகக் கணக்கு வைத்திருந்தது. இரண்டு நொடி பிடித்ததாக மேலே இருந்த மெனுவுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது.

கூட்டி வைத்தால் சரியாகும், தம்பியும் கூட்டினார். எவ்வளவு என்பதில்தான் வம்பு. கெர்னல் நெடுங்காலம் எல்லா ரிமோட்டுக்கும் பொதுவாகக் கால் நொடி வைத்திருந்தது. ஒரு ‘அதேதான்’ தவறிப்போனாலும் அதில் தாங்கும். ஆனால் விரலை எடுத்த பிறகும் அந்தக் கால் நொடிக்குப் பட்டன் அழுந்தியே இருப்பதாக மேலே கணக்கு. சேனல் பட்டியலில் வேகமாக இறங்கி வந்து நிறுத்தினால், நினைத்த சேனலைத் தாண்டிப் போய்தான் நிற்கும். 2018 வாக்கில் இந்தப் பகுதியைக் கவனிக்கும் ஷான் யங் ஒவ்வொரு முறைக்கும் அதனதன் இடைவெளியைத் தனித்தனியாகக் குறித்துவைத்தார், காத்திருப்பு குறைந்தது.

எவ்வளவு சரியாக வைத்தாலும் ஒரு சம்பவத்தைத் தடுக்க முடியாது. ஒலியைக் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவே வீட்டில் யாரோ மெதுவாகக் குறுக்கே போகிறார்கள். இரண்டு மூன்று ‘அதேதான்’ மறைந்துவிடும், டைமர் தீர்ந்து 0 போய்விடும். அவர் விலகிய பிறகு வரும் ‘அதேதான்’ எந்தப் பட்டனைப் பற்றியது என்று கெர்னல் தேடாது. அழுந்திய பட்டன் எதுவும் கணக்கில் இல்லை என்று தள்ளிவிடும். நீங்கள் விரலை எடுத்து மறுபடி அழுத்தும்வரை ஒலி அங்கேயே நிற்கும். செய்தி நேரத்தில் இது நடந்தால் திட்டு வாங்குவது குறுக்கே போனவர்தான்.

ஏசி ரிமோட்டுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அதில் ‘கூட்டு’ பட்டனை அழுத்தினால் ‘கூட்டு’ என்ற செய்தி போவதில்லை. வெப்பநிலை, மின்விசிறி வேகம், முறை என்று முழு நிலவரமும் ஒவ்வொரு தடவையும் மொத்தமாகப் போகிறது. 114, 115 என்று எண் கொடுத்து அதை அடக்க முடியாது. அதைக் கெர்னல் என்ன செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.