துருப்பிடிச்ச அரிவாளை எப்படி மீட்கிறது?

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: பரண்ல கிடந்த அரிவாள் முழுக்க துரு, பட்டறையில கொடுத்து சாணை பிடிச்சா சரியாயிடுமா?

அவசரப்படாதீங்க. சக்கரத்துல அழுத்திப் பிடிச்சா விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ஞ்ச இடத்துல பதம் இறங்கிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. முதல்ல துரு, பிறகுதான் கூர்.

கடையில விக்கிற வினிகர் போதும், அதுல 4, 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கு. இரும்பு மட்டும் மூழ்கற மாதிரி ஒரு ராத்திரி ஊற வைங்க. மரப்பிடி நனையக் கூடாது. புளிக்கரைசலும் சரிதான், கொஞ்சம் மெதுவா வேலை செய்யும். அமிலம் துருவைத் தின்னு முடிச்சதும் நல்ல இரும்பையும் தின்னும், அதனால நாலு நாள் மறந்து விட்டுடாதீங்க. வேகமா ஆகட்டும்னு பிளீச்சிங் பவுடர் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

எடுத்ததும் தேங்காய் நாரால தேய்ச்சு, சமையல் சோடா கரைச்ச தண்ணியில அலசி, உடனே துடைங்க. பலர் கோட்டை விடுறது இங்கதான்: ஈரத்தோட வெச்சா கொஞ்ச நேரத்துலயே மறுபடி பழுப்பு படரும். நல்லா காய்ஞ்சதும் தேங்காய் எண்ணெய் பூசுங்க.

துரு அரிச்ச குழி எதுலயும் போகாது. அது விளிம்புல இருந்தா, கல்லுல தண்ணி விட்டு, குழி மறையிற வரைக்கும் கையால தேய்ங்க.